சாலைக்கு ஒரு விலை: சிங்கப்பூர்ப் போக்குவரத்து ஒழுங்கின் வரலாறு

1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. சிங்கப்பூர் நகர மையத்தை நோக்கிச் செல்லும் சாலைகளின் மேல் புதிதாக நிறுவப்பட்டிருந்த அறிவிப்புப் பலகைகளில் விளக்குகள் எரியத் தொடங்கின. அந்நேரம் முதல் ஒன்பதரை மணி வரை அப்பலகையைக் கடந்து உள்ளே செல்ல விரும்பும் கார் ஓட்டுநர், மூன்று வெள்ளி கொடுத்து வாங்கிய உரிமச் சீட்டைத் தம் காரின் முன்கண்ணாடியில் காட்ட வேண்டும். மாதச் சீட்டின் விலை அறுபது வெள்ளி. பாதையை மறிக்கும் தடுப்புக் கம்பமும் இல்லை. பணம் பெறும் சாவடியும் இல்லை. பலகையின் அருகே நின்ற அலுவலர்கள் கடந்து செல்லும் கார்களைக் கண்ணால் பார்த்து, சீட்டு இல்லாதவற்றின் எண்களைக் குறித்துக்கொண்டனர். நெரிசலைக் குறைப்பதற்கென்றே நகரச் சாலைக்கு நேரம் குறித்து விலை வைத்த முதல் நகரம் உலகில் சிங்கப்பூரே.

அந்த மூன்று வெள்ளிச் சீட்டு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மாறியது, அதன் சுமை யார் மேல் விழுந்தது என்பனவற்றை இவ்வுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். போக்குவரத்து ஒழுங்கு என்றால் விளக்கும் கோடும் காவலரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் வரலாற்றை நோக்கும்போது, ஒவ்வொரு காலத்திலும் அதன் அடியில் ஒரே வினா இருந்து வந்திருப்பதைக் காண்கிறோம். சாலையில் இடம் போதாதபோது, விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார்?

எருதும் கைரிக்‌ஷாவும்

பழைய சிங்கப்பூரின் பாரங்களை இழுத்தவை எருதுகள். இன்று கேகே மருத்துவமனை என்று நாம் சுருக்கி அழைக்கும் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்த் தொடரைக் குறிப்பவை. எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். சிராங்கூன் சாலைப் பகுதியில் கால்நடைத் தொழில் செழித்திருந்ததற்கு அப்பெயரே சான்று. அத்தொழிலிலும் மாட்டு வண்டி ஓட்டுவதிலும் தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் பெரும்பங்கு வகித்தனர். சைனாடவுனின் ‘கிரேத்தா ஆயர்’ என்னும் பெயரோ தண்ணீர் வண்டி என்று பொருள்படும். குழாய் நீர் பரவாத காலத்தில் எருதுகள் இழுத்த வண்டிகள் அங்குக் குடிநீர் கொண்டுவந்தன. சாலையில் சென்ற வண்டியே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது.

1880இல் ஷங்ஹாயிலிருந்து கைரிக்‌ஷா வந்தது. சீனாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் அதனை இழுத்தனர். குடியேற்ற அரசு 1888இல் கைரிக்‌ஷாக்களுக்கெனத் தனித் துறை ஒன்றை அமைத்து, பதிவையும் உரிமத்தையும் அதன் பொறுப்பில் விட்டது. 1905 முதல் மின்சார டிராம்கள் ஓடின. 1920களின் பிற்பகுதியில் அவற்றின் இடத்தை டிராலிப் பேருந்துகள் பிடித்தன. சிறிய தனியார்ப் பேருந்துகளும் பெருகின. ஒரே வீதியில் எருதும் மனிதனும் மின்சாரமும் பெட்ரோலும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்த காலம் அது.

அந்நெருக்கடியில் விட்டுக்கொடுத்தவர்களின் வரிசையைப் பார்ப்போம். மாட்டு வண்டிகள் மெல்ல மறைந்தன. கைரிக்‌ஷாக்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1947இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. மனிதனை மனிதன் இழுக்கும் கொடுமை ஒழிந்தது நன்மையே. எனினும் இழுத்தவர்களின் பிழைப்பும் அதனோடு போயிற்று. 1970களின் தொடக்கத்தில் உரிமமின்றி ஓடிய தனியார் டாக்சிகள் அகற்றப்பட்டபோது, அவற்றின் ஓட்டுநர்களுக்கு மாற்றுவழி காட்டும் நோக்குடன் 1970இல் என்டியுசி கம்ஃபர்ட் என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாக்கப்பட்டது. அகற்றப்படுபவரின் வாழ்வையும் கணக்கில் கொண்ட நடவடிக்கை அது. ஆனாலும் அதுவரை சாலையிலிருந்து விலகச் சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் எளியவர்களாகவே இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

காரை நோக்கித் திரும்பிய பார்வை

விடுதலைக்குப் பின் வருமானம் உயர்ந்தது, கார்களும் பெருகின. 1967 முதல் 1971 வரை ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் துணையுடன் நாட்டின் நிலப் பயன்பாடும் போக்குவரத்தும் விரிவாக ஆராயப்பட்டன. கார்கள் பெருகும் வேகத்துக்கு ஏற்பச் சாலைகளை அகலப்படுத்திக்கொண்டே போக இச்சிறு தீவில் நிலம் இல்லை என்பது அவ்வாய்வு உணர்த்திய உண்மை. காரின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், பெருந்தொகை மக்களை ஏற்றிச் செல்லும் இரயில் வேண்டும் என்னும் இரண்டு முடிவுகள் அதிலிருந்து பிறந்தன.

முதலில் காரை வாங்குவதற்கான செலவு உயர்த்தப்பட்டது. 1968இல் கூடுதல் பதிவுக் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. படிப்படியாக உயர்ந்து 1975இல் அது காரின் சந்தை மதிப்புக்குச் சமமாயிற்று. ஆனால் வாங்கும் விலையை உயர்த்துவது நெரிசலுக்கு நேரான மருந்தாகாது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு மட்டும் செல்லும் காருக்கும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நகர மையத்தில் நிற்கும் காருக்கும் அக்கட்டணம் ஒன்றே. நகரை நெரிப்பதோ இரண்டாவது கார்.

நகர மையத்தில் வாகன நிறுத்தக் கட்டணத்தை உயர்த்துவது மற்றொரு வழி. அதுவும் செய்யப்பட்டது. எனினும் நகரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் கார் எங்கும் நிற்பதில்லை. ஆகவே அதனை நிறுத்தக் கட்டணம் தொடாது. சாவடி அமைத்துப் பணம் பெறலாம் என்றால், சாவடிக்கு இடம் வேண்டும். அதன் முன் கார்கள் வரிசையில் நிற்கும். நெரிசலைத் தீர்க்க வந்ததே நெரிசலை உண்டாக்கும். இவ்வாறு ஒவ்வொரு வழியாகக் கழித்துப் பார்த்த பின் எஞ்சியதே வட்டார உரிமத் திட்டம். சீட்டை அஞ்சலகங்களிலும் சாலையோரக் கூடங்களிலும் முன்னதாகவே வாங்கிக்கொள்ளலாம். காரை நிறுத்த வேண்டியதில்லை. பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியும் வகையில் சீட்டுகள் அமைந்திருந்தன. எளிய கருவியைக் கொண்டு கடினமான வேலையைச் செய்த திட்டம் அது.

ஓட்டுநரையும் சேர்த்து நால்வரோ அதற்கு மேற்பட்டவரோ பயணம் செய்த கார்களுக்குச் சீட்டு தேவையில்லை. பேருந்து, சரக்கு வாகனம், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கும் விலக்கு இருந்தது. இவ்விலக்குகளின் பொருளை நாம் நன்கு கவனிக்க வேண்டும். முதல் முறையாக, சாலையில் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டவர், தனியாகக் காரில் செல்லும் வசதி படைத்தவர். பேருந்தில் செல்பவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. அவருக்கு வழி விடப்பட்டது.

இடம் மாறிய நெரிசல்

விளைவு திட்டமிட்டோர் எதிர்பார்த்ததைக் கடந்து நின்றது. கட்டண நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைந்த வாகனங்களில் கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் குறைந்தால் போதும் என்று கருதியிருந்தனர். மொத்த வாகனங்கள் ஏறத்தாழ 44 விழுக்காடும், கார்கள் மட்டும் 70 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்தன. பலர் பேருந்துக்கு மாறினர். சிலர் அண்டை வீட்டாரோடு சேர்ந்து பயணம் செய்தனர். இன்னும் சிலர் பேருந்து நிறுத்தங்களில் காத்திருந்த அறிமுகமற்றவர்களை ஏற்றிக்கொண்டு நால்வர் கணக்கை நிரப்பினர். நிறுத்தத்தில் நின்றவருக்கு இலவசப் பயணம், ஓட்டுநருக்கு மூன்று வெள்ளி மிச்சம்.

ஆயினும் நெரிசல் முழுவதும் கரைந்துவிடவில்லை. அதில் ஒரு பகுதி இடமும் நேரமும் மாறியது. ஒன்பதரை மணிக்கு விளக்கு அணைந்தவுடன் காத்திருந்த கார்கள் வெள்ளம்போல் உள்ளே புகுந்தன. ஆகவே இரண்டு மாதங்களுக்குள், ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல், கட்டண நேரம் பத்தேகால் மணி வரை நீட்டிக்கப்பட்டது. மையத்தைச் சுற்றிச் செல்லும் சாலைகளில் வாகனங்கள் கூடின. காரை நகர விளிம்பில் நிறுத்திவிட்டுச் சிறப்புப் பேருந்தில் உள்ளே செல்லும்படி ஏறத்தாழ 10,000 நிறுத்துமிடங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றை நாடியவர்கள் மிகச் சிலரே. காரிலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வீட்டிலிருந்தே பேருந்தில் செல்வது மேல் என்று மக்கள் கருதினர் போலும்.

காலையில் வராத கார் மாலையில் திரும்பவும் வராது, ஆதலால் மாலை நெரிசலும் தானே குறையும் என்பது மற்றோர் எதிர்பார்ப்பு. அதுவும் பொய்த்தது. காலையில் சுற்றுவழியில் சென்றவர்கள், கட்டணம் இல்லாத மாலையில் நகரின் ஊடே வீடு திரும்பினர். மாலைக்கும் கட்டணம் விதிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1989இல் அது வந்தபோது, சரக்கு வாகனங்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நால்வர் காருக்கும் இருந்த விலக்குகள் நீங்கின. ஐந்து வெள்ளி வரை உயர்ந்திருந்த காரின் நாள் கட்டணம் மூன்று வெள்ளிக்குக் குறைந்தது. 1994இல் வார நாள்களில் காலை முதல் மாலை வரை கட்டணம் விரிந்தது.

இங்கு மாணவர்கள் கற்றுக்கொள்ள ஒரு செய்தி உண்டு. சாலையில் ஓட்டுநர்கள் சிந்திக்கின்றனர். விதியைக் கண்டதும் தம் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொள்கின்றனர். ஆதலால் போக்குவரத்து விதியை ஒருமுறை வகுத்துவிட்டு ஓய்ந்திருக்க இயலாது. மக்கள் என்ன செய்கின்றனர் என்று பார்த்து மீண்டும் திருத்த வேண்டும். 1975இன் திட்டம் நிலைத்ததற்கு அது தொடக்கத்திலேயே நிறைவாக அமைந்தது காரணமன்று. இரண்டு மாதத்தில் தன் குறையை ஒப்புக்கொண்டு திருத்தியதே காரணம்.

சீட்டிலிருந்து மின்னியலுக்கு

1990ஆம் ஆண்டு மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. அதன்படி, புதிய வாகனம் வாங்குபவர் ஏலத்தில் பங்கேற்று வாகன உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும். மொத்த வாகனங்கள் எத்தனை இருக்கலாம் என்பதை அரசு முடிவு செய்தது. அதன் விலையை ஏலம் முடிவு செய்தது.

பயன்பாட்டுக் கட்டணமும் புது வடிவம் பெற்றது. நாள் சீட்டில் ஓர் ஓட்டை இருந்தது. ஒருமுறை வாங்கியவர் அன்று எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வரலாம். நான்காம் முறை நுழைபவரும் முதல்முறை நுழைபவரும் சாலையில் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றே. ஆனால் நான்காம் நுழைவு அவருக்கு இலவசம். 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் அக்குறையைப் போக்கியது. ஏப்ரலில் ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலையிலும், செப்டம்பரில் நகர மையத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. வாகனத்தில் பொருத்திய கருவியில் கேஷ்கார்டு செருகப்பட்டிருக்கும்; மேலே உள்ள மின்னியல் வளைவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து பணம் கழியும். தேவையற்ற மறு நுழைவுகள் குறைந்தன.

இவ்வகை மின்னியல் முறையை ஹாங்காங் 1983 முதல் 1985 வரை சோதித்துப் பார்த்துக் கைவிட்டது. யார் எங்குச் செல்கின்றனர் என்பதை அரசு அறிந்துகொள்ளும் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். முன்பணம் நிரப்பிய அட்டையிலிருந்து அவ்விடத்திலேயே பணம் கழியும் முறை, பயண விவரங்களைச் சேர்த்து வைத்து வீட்டுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பும் தேவையை நீக்கியது. தொழில்நுட்பத்தைத் தேர்வு செய்யும்போது மக்களின் மனத்தடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கட்டணத்துக்கு அளவுகோலாக வேகமே கொள்ளப்பட்டது. விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் என்பது இலக்கு. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் உயரும். மேலே போனால் கட்டணம் குறையும். இங்கும் ஓட்டுநர்கள் சிந்தித்தனர். அரைமணிக்கு ஒருமுறை கட்டணம் மாறியதால், கூடுவதற்குமுன் கடந்துவிடச் சிலர் விரைந்தனர். குறையும்வரை சிலர் மெதுவாக ஊர்ந்தனர். 2003இல் கட்டண மாற்றத்தின் இடையே ஐந்து நிமிட இடைப்படி ஒன்று சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் லண்டனும், 2006இல் சோதனையாக ஸ்டாக்ஹோமும் நெரிசல் கட்டணத்தைத் தொடங்கின. மூன்று வெள்ளிச் சீட்டுக்குப் பிறகு அப்பெருநகரங்கள் அவ்வழிக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

சுங்கமும் கட்டணமும்

மொழி ஆர்வலர்கள் கூடும் இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சியும் பொருந்தும். வழியில் செல்வோரிடம் பெறும் வரிக்குத் தமிழில் சுங்கம் என்னும் பழஞ்சொல் உண்டு. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று போற்றப்பட்டான் என்பதை நாம் அறிவோம். சுங்கத்தை நீக்குவது குடிமக்களுக்குச் செய்யும் அருளாகக் கருதப்பட்டது. அந்நினைவு நம் மொழியில் இன்றும் உயிரோடு இருப்பதால், சாலையில் பணம் பெறுவது என்றாலே அரசு கருவூலத்தை நிரப்புகிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

நெரிசல் கட்டணத்தின் இயல்பு வேறு. சுங்கம் பெறுவோனுக்கு வண்டிகள் பெருகினால் மகிழ்ச்சி. ஒருவரும் வராவிட்டால் இழப்பு. நெரிசல் கட்டணமோ, வண்டிகள் குறையும்போதுதான் வெற்றி பெறுகிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கொள்ளைநோயால் சாலைகள் வெறிச்சோடியபோது, சிங்கப்பூரில் மின்னியல் சாலைக் கட்டணம் எல்லா இடங்களிலும் நிறுத்தி வைக்கப்பட்டது. நெரிசல் இல்லை, எனவே விலையும் இல்லை. சுங்கத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர்க்கு விளக்க இந்நிகழ்ச்சி ஒன்றே போதும். 1975இன் திட்டத்துக்கு ‘உரிமம்’ என்றும், 1998இன் திட்டத்துக்கு ‘கட்டணம்’ என்றும் பெயர் அமைந்ததையும் நாம் நோக்கலாம். முன்னது நுழைய விடுக்கும் அனுமதி. பின்னது பயன்படுத்தியதற்கு ஈடு. ஒரு கொள்கை இருபத்து மூன்று ஆண்டுகளில் அடைந்த மாற்றம் இவ்விரு சொற்களில் பதிந்திருக்கிறது.

யார் விட்டுக்கொடுப்பது?

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். விலை என்பது எல்லோருக்கும் ஒன்றுபோல் கனப்பதில்லை. ஒருவர்க்கு ஒரு கோப்பைக் காப்பியின் செலவாகத் தோன்றுவது, மற்றொருவர்க்கு அன்றைய வருவாயில் ஒரு பங்கு. சரக்கு வண்டியை ஓட்டிப் பிழைப்பவர் தம் நேரத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள இயலாது. 2023இல் சில பிரிவுகளில் வாகன உரிமைச் சான்றிதழின் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியபோது, கார் செல்வந்தரின் உடைமையாகிவிட்டதே என்னும் ஆதங்கம் பலரிடம் எழுந்தது. அதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிட இயலாது. முதியவரை மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கும், மூன்று சிறு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் பெற்றோருக்கும் கார் ஆடம்பரப் பொருளன்று.

மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். இந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகள் எடுத்துக்கொள்கின்றன. குடியிருப்புகளுக்கான பங்கு அதைவிடச் சற்றே அதிகம். விலை வைக்காத சாலை இலவசச் சாலை ஆகிவிடாது. அங்கு எல்லோரும் பணத்துக்குப் பதிலாகக் காலத்தைச் செலுத்துகின்றனர். நெரிசலில் சிக்கிய பேருந்தில் நின்றுகொண்டிருப்பவர், தாம் உண்டாக்காத நெரிசலுக்குத் தம் நேரத்தை விலையாகக் கொடுக்கிறார். கார் ஓட்டுநரிடம் கட்டணம் பெறுவது, அவ்விலையை அதனை உண்டாக்கியவரிடமே கேட்பதாகும்.

இரண்டு வாதங்களும் உண்மையே. அவற்றைச் சமன் செய்வது கட்டணத்தின் அளவைக் காட்டிலும், விட்டுக்கொடுப்பவருக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதையே பொறுத்தது. 1974இல் பேருந்துகளுக்கெனத் தனித் தடங்கள் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டுதான் சீட்டு வந்தது. அந்த வரிசை முக்கியமானது. எனினும் பெருவிரைவு இரயிலின் முதல் பகுதி 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவுக்கும் இடையே ஓடியபோது, சீட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் காரை வீட்டில் விட்டு வந்தவர்கள், குளிர்சாதனமற்ற, நெருக்கடி மிகுந்த பேருந்துகளில் பயணம் செய்தனர். சிங்கப்பூர்ச் சாலைகளின் புகழைப் பேசும்போது அவர்களின் பொறுமையையும் சேர்த்துப் பேசுவது நம் கடமை. கைரிக்‌ஷா இழுத்தவரையும் மாட்டு வண்டிக்காரரையும் போலவே, வரலாற்று நூல்களில் அவர்களுக்கும் பெயர் இல்லை.

கார்கள், மோட்டார் சைக்கிள்களின் எண்ணிக்கை 2018 பிப்ரவரி முதல் கூடாதவாறு நிறுத்தப்பட்டது. 2023இன் இறுதியில் வாகனங்களில் புதிய கருவிகள் பொருத்தப்படத் தொடங்கின. நாளைய கட்டணம் எவ்வடிவில் வரும் என்று விவாதிக்கப் போகிறவர்கள் இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்கள். அவர்களுக்கு ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சி கொடுக்கலாம். பள்ளிக்கு அருகில் உள்ள சாலைச் சந்திப்பில், காலை வேளையில், பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் நிற்கச் செய்து, கடக்கும் வாகனங்களை ஒரு பத்தியிலும், அவற்றில் பயணம் செய்யும் மனிதர்களை மறு பத்தியிலும் எண்ணி எழுதச் சொல்லலாம். இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பின், யார் யாருக்கு வழி விட வேண்டும் என்று அவர்கள் வாதிடட்டும். 1975இல் இந்நகரம் நடத்திய விவாதத்தின் தொடர்ச்சியாகவே அது அமையும்.